சாய்வதற்கா, தாங்குவதற்கா?

மோட்டார் வாகன இருக்கையின் உச்சியில், இரண்டு உருக்குத் தண்டுகளின்மீது அமர்ந்திருக்கும் சிறு மெத்தைக்குத் தமிழில் நிலையானதொரு பெயர் இன்னும் வாய்க்கவில்லை. மாத்தளைப் பகுதியில் அதனை 'ஹெட்ரெஸ்ட்' என்பர். வான் சாரதிகளுட் சிலர் 'தலகாணி' என்று செல்லமாக அழைப்பதும் உண்டு. எழுத்து வழக்கிலே தலைசாய்ப்பான், தலையணை, தலைதாங்கி எனப் பல சொற்கள் ஆளப்படுகின்றன. பெயர் எதுவாயிருந்தால் என்ன என்று தள்ளிவிடத்தக்க விடயமன்று இது. ஆங்கிலத்திற்கூடப் பேச்சு வழக்கில் 'ஹெட்ரெஸ்ட்' என்று சொன்னாலும், சட்டம் எழுதுவோர் அச்சொல்லை விலக்கி 'ஹெட் ரெஸ்ட்ரெயின்ட்' என்றே எழுதுகின்றனர். முன்னையது இளைப்பாறுதலைக் குறிப்பது. பின்னையது தடுத்து நிறுத்துதலைக் குறிப்பது. இளைப்பாறத்தானே வைத்திருக்கிறார்கள் என்று எண்ணுபவர், தமக்கு இளைப்பாறுதல் வேண்டாதபோது அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். தடுத்து நிறுத்துவதற்கென்று வைக்கப்பட்டது என அறிந்தவர் அவ்வாறு செய்யத் துணியார். ஒரு சொல்லின் பிழை எவ்வளவு தூரம் சென்று எவர் கழுத்தில் விழுகின்றது என்பதற்கு மாத்தளை நகரின் குஷன் கடையொன்றில் நிகழ்ந்தது சான்றாகும்.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலை பலகடுவைக் கணவாயைக் கடந்து மாத்தளைப் பள்ளத்தாக்கினுள் இறங்குகிறது. பின்னர் அலுவிகாரை, நாலந்தா, நாவுல எனத் தம்புள்ளை நோக்கி நீளுகிறது. 1880 இல் வந்து சேர்ந்த புகையிரதப் பாதை மாத்தளையுடன் நின்றுவிட்டது. ஆதலின் அதற்கு வடக்கே செல்வன யாவும் தெருவழியே செல்ல வேண்டியனவாயின. தம்புள்ளைச் சந்தைக்குப் போய்வரும் மரக்கறி லொறிகள், வாசனைத் திரவியத் தோட்டங்களை நாடிவரும் உல்லாசப் பயணிகளின் வண்டிகள், இறத்தோட்டை, எல்கடுவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர்களை ஏற்றிச் செல்லும் வான்கள், மாசி மாதத்திலே முத்துமாரியம்மன் பஞ்சரதம் காண வருவோரின் வாடகை வண்டிகள் என எல்லாம் இந்நகரத்துத் தெருக்களில் நெருக்குண்டு நிற்கும். இத்தனை வண்டிகள் ஓடுமிடத்தில் இருக்கைகள் கிழியாமலிருக்குமா? குஷன் கடைகள் பிழைக்கின்றன.

குறித்த கடையின் உரிமையாளர் எழுபது வயதைக் கடந்தவர். எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்த தாயாருக்குப் பிறந்து, பதினான்கு வயதிற் பட்டணத்துக்கு வந்து, ஒரு சிங்களக் கைவினைஞரிடம் தொழில் பழகியவர். கைத்தொழிலில் தேர்ந்தவரை இப்பகுதியில் மூவினத்தாரும் 'பாஸ்' என்று அழைப்பர். இவரும் 'குஷன் பாஸ்' ஆனார். அவர் தொழில் பழகிய காலத்தில் இருக்கைக்குள் தென்னந்தும்பும் இலவம்பஞ்சும் இருந்தன. மேலே ரெக்சின், அதற்கும் மேலே வசதியுள்ளோர் வெள்ளைத் துணியுறை போடுவர். மொரிஸ் மைனர், ஒஸ்டின், பேஜோ என்பனவே அந்நாளைய கார்கள். அவற்றின் முன்னிருக்கைகள் தோளளவோடு முடிந்துவிடும். தலைக்குப் பின்னால் வெறும் ஆகாயந்தான். அக்காலத்தில் எவரும் அதனை ஒரு குறையாகக் கருதியதில்லை. 1977 இன் பின்னர் இறக்குமதி தாராளமாக்கப்பட்டு ஜப்பானிய வாகனங்கள் பெருகியபோதே 'தலகாணி வைத்த கார்' என்பது மாத்தளையில் ஒரு பெருமையாயிற்று. பழைய காரை வைத்திருந்தோரும் அதுபோல் ஒன்று வேண்டுமெனக் கேட்டு வந்தனர். தட்டையான இரும்புக் கொளுக்கிகளை வளைத்து, அவற்றில் ஒரு மெத்தையைத் தைத்து, இருக்கையின் முதுகில் மாட்டிக் கொடுப்பது அவருக்கு நல்ல வருமானம் தந்த வேலைகளுள் ஒன்றாயிருந்தது.

அப்பெருமைக்குப் பின்னால் வேறொரு வரலாறு இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1969 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், அந்நாட்டில் விற்கப்படும் புதிய கார்களின் முன்னிருக்கைகளில் தலைதாங்கி இருத்தல் வேண்டும் எனச் சட்டம் விதிக்கப்பட்டது. அங்குள்ளோர் தலைசாய்த்து உறங்குவதற்காக எந்த அரசாங்கமும் சட்டம் இயற்றவில்லை என்பது சொல்லாமலே விளங்கும். பின்னாலிருந்து மோதப்படும்போது கழுத்துக்கு நேரும் ஊறே காரணம். அதனைச் 'சாட்டையடிக் காயம்' என மொழிபெயர்க்கலாம். ஆங்கிலத்தில் 'விப்லாஷ்' என்பர்.

இக்காயம் உண்டாகும் விதத்தை விளங்கிக்கொள்ளப் பாடசாலையிற் படித்த சடத்துவம் ஒன்றே போதும். நிற்கும் வாகனத்தைப் பின்னாலிருந்து மற்றொன்று இடிக்கிறது. வாகனம் முன்னே உந்தப்படுகிறது; அதனோடு பொருத்தப்பட்ட இருக்கை முதுகை உந்துகிறது; உடல் முன்னே செல்கிறது. ஏறத்தாழ 5 கிலோகிராம் நிறையுள்ள தலையை உந்துவதற்கோ எதுவுமில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்க முயல்கிறது. முன்னே ஓடும் உடலுக்கும் பின்னே தங்கும் தலைக்கும் இடையிலே அகப்படுவது கழுத்து. ஏழு முள்ளந்தண்டென்புகளால் ஆன அத்தண்டு, முதலிற் பாம்புபோல் இருவேறு திசைகளில் வளைகிறது: அடிப்பகுதி பின்னோக்கியும் மேற்பகுதி முன்னோக்கியும். அதன் பின்னரே தலை முழுவதுமாய்ப் பின்னே சாய்ந்து, மறுபடி முன்னே வீசப்படுகிறது. இவற்றுள் ஊறு விளைக்கும் பகுதி பெரும்பாலும் ஒரு வினாடியின் பத்திலொரு பங்கினுள் முடிந்துவிடுகிறது. இடிபட்டவர் 'என்ன சத்தம்?' என்று எண்ணுவதற்கு முன்னரே எல்லாம் நடந்தேறிவிடும். எலும்பு முறியாது, இரத்தம் வராது, எக்ஸ்ரேப் படத்தில் ஒன்றுந் தெரியாது. மறுநாட் காலையில் எழும்போதே வலி தொடங்கும்.

ஆகவே தலைதாங்கியின் பணி, முதுகோடு ஒரே வேளையில் தலையையும் முன்னே தள்ளிக்கொடுப்பது. அதைச் செய்வதற்கு இரண்டு அளவுகள் சரியாயிருத்தல் வேண்டும். ஒன்று உயரம், மற்றது தலையின் பின்புறத்துக்கும் மெத்தைக்கும் இடையேயுள்ள வெளி. அமெரிக்காவில் காப்புறுதி நிறுவனங்கள் நடத்தும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவகம், மெத்தையின் உச்சி தலையுச்சியிலிருந்து 6 சென்ரிமீற்றருக்கு மேற்படத் தாழாமலும், இடைவெளி 7 சென்ரிமீற்றருக்கு மேற்படாமலும் இருப்பதையே 'நன்று' என மதிப்பிட்டது. உயரம் பற்றிப் பலரும் அறிவர். இடைவெளி பற்றி அறிந்தவர் மிகச் சிலரே. நான்கு விரல்களைச் சேர்த்துவைத்த அகலத்தினுள் அடங்கும் இவ்வெளியிலேதான் இக்கட்டுரையின் துயரம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வகைகளைப் பற்றி நீட்ட வேண்டுவதில்லை. இருக்கையின் முதுகோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டு உயர்ந்து நிற்பது ஒரு வகை. மலிவான சிறு கார்களிலும் சில பந்தயக் கார்களிலும் காணப்படும் இது அழகற்றதெனப் பலரும் ஒதுக்குவர். ஆனால் எவரும் கழற்ற முடியாதது என்ற ஒரே காரணத்தால் இதுவே சிறந்ததென வாதிடவுங்கூடும். இரு தண்டுகளின்மீது ஏற்றி இறக்கக்கூடியது இரண்டாவது. இதுவே எங்கும் பரந்துள்ளது. தண்டுகளுள் ஒன்றிற் பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இருக்கையின் உச்சியிலுள்ள சிறு பிளாஸ்டிக் பொத்தானை அழுத்தினால் பூட்டு விலகும். (இத்தண்டுகள் ஆபத்து வேளையிற் கண்ணாடியை உடைப்பதற்கென்றே கூராகச் செய்யப்பட்டவை என்றொரு செய்தி கைத்தொலைபேசிகளில் உலவுகின்றது. அது கட்டுக்கதை.) முன்னும் பின்னும் சரிக்கக்கூடியது மூன்றாவது. 1990களின் பிற்பகுதியில் சுவீடன் நாட்டு சாப் நிறுவனம், இடிபடும் கணத்தில் பயணியின் முதுகு இருக்கையை அழுத்தும் விசையைக் கொண்டே தலைதாங்கி மேலெழுந்து முன்வரும் பொறியொன்றை அமைத்தது. அதே காலத்தில் வொல்வோ நிறுவனம் இருக்கையின் முதுகு முழுவதுமே பின்வாங்கி அதிர்வை ஏற்கும் முறையைக் கைக்கொண்டது. இவை போன்றன மாத்தளைத் தெருக்களில் அருமையாகவே காணப்படும்.

வாகனத்தைச் செய்தவர் எவ்வளவுதான் சிந்தித்துச் செய்தாலும், அது வந்து சேருமிடத்தில் வாழும் மக்களுக்கென்று ஒரு தலை அமைப்பும் ஒரு பழக்கமும் இருக்கின்றன. இலங்கையில் புது வாகனம் வாங்குவோர் இருக்கையின் பொலித்தீன் உறையை ஆண்டுக்கணக்கிற் கழற்றுவதில்லை. உறை கிழிந்த பின்னர் அதற்குமேல் ஒரு சீட் கவர். அதற்குமேல் கழுத்துக்கு ஒரு சிறு தலையணை. அதன் பின்புறத்திற் பைகள் தொங்கவிட ஒரு கொளுக்கி. பிள்ளைகள் படம் பார்க்க ஒரு திரை. தாய்வீட்டிலிருந்து புறப்படும் மணப்பெண்ணுக்குப் போல், வாங்கிய வாகனத்துக்கு ஒவ்வொன்றாகப் பூட்டி அழகு பார்க்கும் மனம் நம்மவருக்கு உண்டு. 2025 ஜனவரியில் பஸ் வண்டிகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டப்பட்டிருந்த மேலதிக அலங்காரங்களைப் பொலிசார் கழற்றுவிக்கத் தொடங்கியபோது எழுந்த கூக்குரல், அவ்விருப்பம் எவ்வளவு ஆழமானது என்பதை உணர்த்திற்று.

பூட்டுவதொருபுறமிருக்க, கழற்றச் சொல்லி வருவோரும் உளர். அவர்களுட் பெரும்பாலோர் பெண்கள். அல்லது பெண்களை ஏற்றிச் செல்லும் சாரதிகள். அண்மைக்கால வாகனங்களிலே தலைதாங்கி முன்னோக்கிச் சரிந்திருக்கும். இடைவெளியைக் குறைப்பதற்காகவே அவ்வாறு செய்தனர். ஆனால் கொண்டை முடிந்து, பூச்சூடி, சேலையுடுத்திப் பாடசாலைக்குச் செல்லும் ஆசிரியைக்கு அது பெருந்தொல்லை. கொண்டை மெத்தையில் இடிக்கிறது, நாடி நெஞ்சோடு முட்டுகிறது, பூக் கசங்குகிறது. ஒரு மணி நேரப் பயணத்தின் முடிவிற் கழுத்து நோகிறது. இதற்குக் குஷன் கடைகள் கண்டுபிடித்த வைத்தியம் மிக எளியது. தலைதாங்கியை உருவி எடுத்து, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிச் செருகிவிடுவார்கள். பல் வெட்டிய தண்டு மறுபக்கம் போய்விடுவதாற் பூட்டுச் சரியாகப் பிடிக்காது. அதற்கும் ஒரு கம்பித் துண்டினால் அணை கொடுப்பார்கள். சாய்வு பின்னோக்கித் திரும்பும், கொண்டைக்கு இடங்கிடைக்கும். எல்லாம் ஐந்து நிமிட வேலை.

இறத்தோட்டைப் பக்கத்துப் பாடசாலைகளுக்கு ஆசிரியைகளை ஏற்றிச் செல்லும் வானொன்றின் சாரதி ஒரு நாள் வந்தார். "டீச்சர்மார் எல்லாம் கழுத்து நோகுதுங்கிறாங்க பாஸ், ஏதாச்சும் செஞ்சு குடுங்க" என்றார். பாஸ் ஆறு தலைதாங்கிகளையும் திருப்பிச் செருகிக் கொடுத்தார். கூலியிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். சாரதிக்கு ஆசிரியைகள்மீது அக்கறை. பாஸுக்குச் சாரதிமீது அன்பு. எவர் மனத்திலும் தீங்கில்லை. ஏறத்தாழ நான்கு மாதங்களின் பின்னர், நகருக்குள் நுழையும் வாகன வரிசையிலே அந்த வான் நின்றிருந்தபோது பின்னால் வந்த சிறு லொறியொன்று அதன்மீது மோதிற்று. வேகம் அதிகமில்லை. பின்கதவு நெளிந்தது, விளக்கொன்று உடைந்தது. இறங்கிப் பார்த்தவர்கள் எவருக்கும் காயமில்லை என்று மகிழ்ந்தனர். லொறிக்காரர் பணங்கொடுத்து அவ்விடத்திலேயே சமாதானமாயிற்று.

பின்வரிசையில் இருந்த இரு ஆசிரியைகளுக்கு மறுநாள் கழுத்துத் திரும்பவில்லை. ஒருவருக்கு இரண்டு வாரத்தில் குணமாயிற்று. மற்றவருக்கு ஆகவில்லை. அவர் முதலாந் தரப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிப்பவர். கையை உயர்த்தினால் தோளிலிருந்து பின்மண்டை வரை வலி ஏறியதால், பல மாதங்கள் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மாத்திரமே எழுதினார். பின்வாங்கிற் பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்துத்தான் அகரம் எழுதக் கற்றனர். படத்தில் ஒன்றுந் தெரியவில்லை என்றமையால் விடுமுறை கேட்பதற்கும் அவர் கூச்சப்பட்டார். 'சும்மா சொல்கிறாள்' என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழுந்ததும் அவர் காதுக்கு எட்டாமலில்லை.

அவர் குஷன் கடைக்கு வந்தது முறையிடுவதற்கன்று. கழுத்துக்கு அணையாக ஒரு சிறு தலையணை தைத்துக் கொடுக்கும்படி கேட்டே வந்தார். பேச்சோடு பேச்சாக எந்த வான், எந்த வரிசை என்பது வெளிப்பட்டது. தலையணைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த பாஸ் சிறிது நேரம் பேசவில்லை.

தலைதாங்கி நேராக இருந்திருப்பின் அவருக்கு அவ்வலி வந்திராது என்று எவரும் அறுதியிட்டு உரைக்க முடியாது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் திருப்பிய தலைதாங்கிகளே இருந்தன. அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் பாஸ் அத்தகைய கணக்கினால் ஆறுதலடையும் மனிதரல்லர். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த வாகனங்களின் கைப்பெட்டிக்குள் ஜப்பானிய மொழியில் ஒரு கைந்நூல் இருக்கும். படிக்கத் தெரிந்தவர் எவருமில்லாமையால் அது பெரும்பாலும் திறக்கப்படுவதில்லை. வேலைக்கு வந்திருந்த வானொன்றில் இருந்த அந்நூலை அவர் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எழுத்துப் புரியாவிட்டாலும் படம் புரிந்தது. திருப்பிச் செருகிய தலைதாங்கியின் படமொன்று இருந்தது. அதன் குறுக்கே பெரியதொரு பெருக்கற் குறி போடப்பட்டிருந்தது. தாம் ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையின் படம் அது.

அதன் பின்னர் அவர் ஒரு மரச்சட்டத்தில் நான்கு விரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்து மேசையில் வைத்துக்கொண்டார். வருபவரை இருக்கையில் இருத்தி, தலைக்கும் மெத்தைக்கும் இடையில் அதைச் செருகிப் பார்ப்பார். கழுத்தணை கேட்பவர்களுக்கும் இதே சோதனைதான். கடைகளில் எலும்பின் வடிவில் விற்கப்படும் தடித்த கழுத்தணைகள் கழுத்தை முன்னே தள்ளித் தலையை மெத்தையிலிருந்து விலக்கிவிடும். நோவுக்கென்று வாங்கிய பொருள் இடைவெளியைக் கூட்டி நோவுக்கே வழிவகுக்கும். ஆசிரியைக்கு அவர் தைத்துக் கொடுத்தது, மெல்லிய ஸ்பொஞ்சில், கொண்டைக்கு நடுவே ஒரு குழிவிட்ட அணை. கொண்டையைச் சற்றுக் கீழிறக்கி முடியும்படியும் தயங்கித் தயங்கிச் சொன்னார். இருக்கையின் முதுகை இன்னுங் கொஞ்சம் நிமிர்த்தினாலும் இடைவெளி குறையும் என்பதைச் சாரதிக்குக் காட்டினார். வானின் ஆறு தலைதாங்கிகளையும் கூலியின்றி மறுபடி திருப்பினார்.

பழைய மொரிஸ் மைனர் வைத்திருப்போர் இன்னும் வருகின்றனர். அவர்களுக்குக் கொளுக்கி மாட்டும் மெத்தையை இப்போது அவர் செய்து கொடுப்பதில்லை. இருக்கையின் முதுகு தாழ்வாயும் மெலிந்த குழாய்ச் சட்டத்தாலும் ஆனதால், அதன்மேல் தொங்கும் மெத்தை இடிபடும்போது தலையைத் தாங்காமற் கழுத்துக்கு நெம்புகோலின் சுழலிடமாகிவிடக்கூடும் என்பது அவர் அச்சம். முன்னிருக்கை இரண்டையும் மாற்றி, கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பானியக் காரொன்றின் இருக்கைகளைப் பொருத்துவதே வழி என்கிறார். பழைமை கெட்டுவிடும் என்று அவர்கள் போய்விடுகின்றனர். பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள இருக்கைகளுக்கு முழு உறை தைப்பதையும் அவர் நிறுத்திவிட்டார். தையல் இறுகப் பிடித்தால் பை வெடித்து வெளிவர வழியிராது.

இவையெல்லாம் வருமானத்தைக் கூட்டும் காரியங்களல்ல. திருப்பிக் கொடுக்க மறுத்தால் அடுத்த தெருவிலுள்ள கடையில் ஐந்து நிமிடத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரி வரை புதிய தனியார் கார்கள் வராதிருந்த காலத்தில், பழைய இருக்கைகளைப் புதுப்பிக்கும் வேலை பெருகியிருந்தது. மறுத்த வேலைகளின் இழப்பு அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. கடையைப் பொறுப்பேற்கவிருக்கும் மகனுக்கு இதில் முழு உடன்பாடில்லை. "நாங்க செய்யாட்டி வேற ஆள் செய்வாங்கப்பா" என்பது அவர் வாதம். அதற்குத் தகப்பனார் விடை சொல்வதில்லை. மரச்சட்டத்தை மேசையிலிருந்து எடுப்பதுமில்லை.

குறையை முழுவதும் கொண்டையின்மீது ஏற்றிவிடுவதும் நீதியாகாது. இவ்வகை இடிபாடுகளிற் கழுத்து ஊறு ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் நேர்கின்றதென ஆய்வாளர் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். இருந்தும் இருக்கைகளைச் சோதிக்கும் பொம்மைகள் சராசரி ஆணின் உடலளவிலேயே செய்யப்பட்டு வந்தன. சுவீடனின் ஆய்வாளர் அஸ்ட்ரிட் லின்டரும் அவருடன் உழைத்தோரும், பின்புற மோதலுக்கெனச் சராசரிப் பெண்ணின் அளவிலான சோதனைப் பொம்மையொன்றை 2022 இலேதான் உலகுக்குக் காட்டினர். அதற்குங்கூடக் கொண்டை இருந்திராது. ஐரோப்பிய ஆணின் மொட்டைத் தலைக்கு அளவெடுத்த மெத்தை இறத்தோட்டை வானில் வந்து பொருந்தவில்லை என்றால், பொருந்தாமை யாருடையது என்ற வினா எழவே செய்யும். மாத்தளைக் குஷன் கடையில் ஸ்பொஞ்சினுள் வெட்டப்பட்ட அச்சிறு குழி, அவ்வினாவுக்கு ஒரு கைவினைஞர் தமக்குத் தெரிந்த வகையில் அளித்த விடை. இன்னும் சில ஆசிரியைகள் அதைக் கேட்டு வருகின்றனர்.

கடையின் பின்சுவரில் ஆணிகளில் தலைதாங்கிகள் வரிசையாகத் தொங்குகின்றன. 'இப்போதைக்கு இங்கே இருக்கட்டும்' என்று பல ஆண்டுகளில் கழற்றி விட்டுச் சென்றவர்களுடையவை. ஒவ்வொன்றிலும் வாகனத்தின் வகை எழுதிய துண்டுக் கடதாசி கட்டப்பட்டிருக்கிறது. தண்டுகளின் பருமனும் இடைவெளியும் ஒரு வகைக்கு ஒரு விதமாயிருப்பதால் ஒன்றை மற்றொன்றிற் பொருத்த இயலாது. சென்ற தைப்பொங்கலுக்கு முன் கடையைக் கூட்டித் துடைத்தபோது அவை பதினேழு இருந்தன. தொலைபேசி இலக்கம் தெரிந்தவர்களுக்கெல்லாம் பாஸ் மகனைக்கொண்டு அழைப்பெடுப்பித்தார். மாசித் தேருக்குள் நால்வர் வந்து எடுத்துச் சென்றனர்.